ஒரே இலக்கத்தில் இரண்டு தோள்கள்

பாரிஸில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், விசா இல்லாத ஒருவன் இன்னொருவனின் அட்டையில் வேலை செய்வது புதினமில்லை. வன்னியிலிருந்து வந்த ஒரு தம்பிக்கு என் வதிவிட அட்டையைக் கொடுத்தேன். அவன் என் பெயரில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நின்றான். படத்தை ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரருக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம்தானே.

ஒருநாள் எண்ணெய் வாளியோடு நிலவறைப் படியில் விழுந்தான். வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் என் பெயர்தான். அதன்பிறகு கடிதங்கள் திரான்சியில் என் வீட்டுக்கு வரத் தொடங்கின. உங்கள் வலது தோள். உங்களால் கையை உயர்த்த முடியாது. படுத்தால் உங்களுக்கு வலி கூடுகிறது. வாசித்து முடித்ததும் கையை உயர்த்திப் பார்ப்பேன். உயரும். அடுத்த கடிதத்துக்கும் உயர்த்திப் பார்ப்பேன்.

"என்னப்பா, ஆருக்குக் கை காட்டுறியள்?" என்று மனைவி பகிடி விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரிசி மூட்டையை இடது கையால் தூக்கப் பழகியிருந்தேன். பயமாயிருந்தது; அதை அவளுக்குச் சொல்லவில்லை.

பிறகு காப்புறுதிக் கந்தோரின் வைத்தியர், ஆளைப் பார்க்காமலே, தோள் சுகம், இனிச் சிகிச்சை தேவையில்லை என்று எழுதிவிட்டார். தம்பிக்கோ சத்திரசிகிச்சை செய்யவேண்டியிருந்தது. செய்யாவிட்டால் அந்தக் கை வேலைக்கு உதவாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் மறுப்புக் கொடுத்தோம். எங்கள் கதை முழுக்கத் தெரிந்த தொழிற்சங்கப் பெண்மணி ஒருத்தி உதவினாள். முன்பென்றால் இப்படியான தகராறில் வெளியிலிருந்து ஒரு நிபுணர் ஆளைக் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பாராம். சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது வைத்தியர் குழு ஒன்று, பெரும்பாலும் கோப்பை மட்டும் பார்த்தே முடிவு சொல்லும். அவளுக்கு அந்தத் திருத்தத்தில் சரியான எரிச்சல்.

"நல்லதாப் போச்சு அண்ணை. ஒருத்தரும் பாக்கமாட்டினம்" என்றான் தம்பி. எனக்கும் அதுதான் நிம்மதி.

முடிவு வந்ததும் அவள் வாசித்துச் சொன்னாள். வலி உண்மைதானாம். ஆனால் படியில் விழுந்ததால் வந்ததில்லையாம். பல வருடங்களுக்கு முன் சைக்கிளால் விழுந்து, உடைந்து, தகடு வைத்த தோளாம் அது. ஆகவே காப்புறுதி பொறுப்பில்லை.

தகடு வைத்தது எனக்கு. என் காப்புறுதி இலக்கத்தில் என் பழைய எக்ஸ்ரேயும் கிடக்கும் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. எலும்பு என்னுடையது, கிழிசல் அவனுடையது. இரண்டையும் பொருத்தி, உலகத்தில் இல்லாத ஒருத்தனுக்கு அந்தப் படித்த மனிதர்கள் தீர்ப்பு எழுதியிருந்தார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவனுடைய சட்டையை ஒருதரம் கழற்றிப் பார்த்திருந்தால், அங்கே தழும்பே இல்லை என்று தெரிந்திருக்கும்.

"நீதிமன்றம் போகலாம். அங்கே ஆளைக் கூப்பிட்டுப் பரிசோதிப்பார்கள்" என்றாள் அவள். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "யார் போவது?"

தம்பியும் நானும் வெளியே வந்து, ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையின் பின்மேசையில் இருந்தோம்.

"அண்ணை, அந்தத் தழும்பை ஒருக்காக் காட்டுங்கோ."

பொத்தானைக் கழற்றி விலக்கினேன். அவன் இடது கையை நீட்டி, தழும்பின்மேல் விரலை வைத்து, பலமாக அழுத்தினான்.

"இஞ்சை நோகுதோ?"

"இல்லை."

அவன் விரலை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினான். அவன் முகம் சுருங்கி, நெற்றி வியர்த்தது.

"எனக்கு நோகுது அண்ணை" என்றான்.