என்ன வருத்தம்?

நோர்வேயில் வலிக்கு மார்க் போடச் சொல்கிறார்கள். பூச்சியம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்க முடியாதது. பெர்கன் நகரத்துக்கு வந்த புதிதில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எதற்கு வம்பு என்று எப்போதும் மூன்று என்பேன். இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். வலியைக் கூட்டிச் சொன்னால் வேலைக்குக் கள்ளம் போடுகிறாள் என்பார்கள். அந்தப் பயம் விமானம் ஏறி என்னோடேயே வந்துவிட்டது.

போன மாதம் என் மார்பில் ஒரு கட்டியைக் கண்டு சோதித்தார்கள். முடிவு சொல்ல அழைத்த டொக்டர் சின்னப் பெண். கம்ப்யூட்டரை விட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். தொலைபேசியில் தொல்க். மொழிபெயர்ப்பாளரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். என் பேச்சைக் கேட்டதுமே, "நீங்கள் இந்தியாவோ?" என்றார்.

"இல்லைங்க, பதுளப் பக்கம்."

பதுளையில் எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே வந்தும் அதே பாட்டு. கோபப்படக்கூட அலுத்துவிட்டது.

"புற்றுநோய்தானாம். ஆனா நேரத்தோட கண்டுபிடிச்சிட்டினம், சுகமாக்கலாமாம், பயப்பிடாதேங்கோ," என்றார் தொல்க். பிறகு டொக்டரின் அடுத்த கேள்வியைச் சொன்னார். "உங்கட அம்மாவுக்கும் இந்த வருத்தம் இருந்ததோ?"

யாழ்ப்பாணத்தில் நோயைத்தான் வருத்தம் என்பார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதை நோவு என்போம், சீக்கு என்போம். வருத்தம் என்றால் மனசில் இருப்பது. அம்மாவுக்கும் அதுதான் அர்த்தம்.

தொண்ணூறுகளில் அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதற்கு முன் தோட்டத்து மருந்துக்காரரிடம் எத்தனையோ தடவை போயிருந்தாள். அந்த ஆள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் வெள்ளை மாத்திரை கொடுத்து அனுப்புவார். அம்மாவும் ஆம்பிளையிடம் நெஞ்சைக் காட்டக் கூசி, "கை வலிங்க" என்பாள். பதுளையிலும் முதலில் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருவர் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அம்மா, உங்களுக்கு என்ன வருத்தம்?"

அம்மா அவரையே பார்த்தாள். அண்ணன் போன பிறகு யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

"என் மூத்தவன கொழும்புல பொலிசுக்காரங்க புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்கம்மா. கடையில வேல செஞ்ச புள்ள. எங்க வச்சிருக்காங்கன்னுகூட யாரும் சொல்லலீங்க."

நான் கேட்டது அதையல்ல என்று டொக்டரம்மா சொல்லியிருக்கலாம். வார்டு முழுக்க நோயாளிகள், தரையில்கூடப் பாய் விரித்திருந்தார்கள். "பிள்ளையின்ர பேர் என்ன?" என்றுதான் கேட்டார்.

"செல்வம்ங்க."

அழுது முடித்ததும் அம்மா தானாகவே சட்டை ஊக்கைக் கழற்றினாள். "இங்கதாங்க நோவுது." துணி சுற்றி மறைத்திருந்த புண்ணை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். பயத்தில் வெளியே ஓடிவிட்டேன்.

காலம் கடந்துவிட்டது என்று டொக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். ஆனால் தினமும் காலையில் தானே வந்து புண்ணுக்கு மருந்து கட்டினார். கட்டும்போதெல்லாம், "செல்வத்தைப் பற்றி ஏதும் தெரிஞ்சதோ?" என்று கேட்பார். அம்மா மருந்துக்குக் காத்திருக்கவில்லை, அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாள். செய்தி எதுவும் வராமலேயே கண்ணை மூடினாள். தோட்டத்து லொறியில் கொண்டுவந்து தேயிலை மலைக்கு மேலே புதைத்தோம். ஒரு வருசம் முந்தி, அந்தத் தோட்டத்தில் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

தொலைபேசியில் தொல்க், "கேக்குதோ? உங்கட அம்மாவுக்கும் இந்த வருத்தம் இருந்ததோ?"

"இருந்துச்சுங்க."

"எத்தினை வயசில வந்தது எண்டு டொக்டர் கேக்கிறா."

"நாப்பத்தொண்ணு," என்றேன், யோசிக்காமல்.

தொல்க் அதை நோர்வேஜியனில் சொன்னார். டொக்டர் தலையை ஆட்டி, இரக்கத்தோடு என் கையைத் தொட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டாள். பிறகுதான் எனக்கு உறைத்தது. கட்டி வந்தபோது அம்மாவுக்கு நாற்பத்து நாலு. நாற்பத்தொன்றில்தான் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நான் திருத்தவில்லை.