கத்தியால் வழி காட்டியவர்

போன வாரம் காங்டாக்கில், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் புகுந்துவிட்டோம் — நானும் என் மனைவி சரோஜாவும்.

திருட அல்ல. வேனைப் பிடிக்க!

கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவில் மேடு என்றால் ஸ்பீட் பிரேக்கர்தான். அப்படிப்பட்ட எங்களுக்கு, வீட்டின் மேல் வீடாக அடுக்கி வைத்த ஊரில் நடப்பதே கொண்டாட்டம். ஒரு மொட்டை மாடியில் மூன்று கார்கள் நின்றன! மாடி, மேல் தெருவோடு ஒட்டியிருக்கிறது. அண்ணாந்தும் எட்டியும் பார்த்ததில் நேரம் போனதே தெரியவில்லை.

ரயிலடிக்குப் போகும் வேன் கிளம்ப இருபது நிமிடமே பாக்கி. போன் மேப்பில் வேன் நிற்குமிடம் ரொம்பக் கிட்டே. ஆனால் எங்கே? தலைக்கு நேர் மேலே, ஐந்து மாடி உயரத்தில்! சாலை வழியே சுற்றினால் வேனும் போச்சு, ரயிலும் போச்சு.

"கிட்டன்னீங்க... மேல கீதுன்னு சொன்னீங்களா?" என்றாள் சரோஜா, முழங்காலைத் தேய்த்தபடி.

"உன் கால் தாங்குமா?"

"எனக்குக் காலுதான் வலிக்குது. பொலம்பிக்கினே வர்றீங்களே, உங்களுக்கு வாயி வலிக்கலியா?"

பக்கத்தில் ஒரு படிக்கட்டு. பொதுப் படிக்கட்டு என்று நம்பி ஏறினோம். மூன்றாவது திருப்பத்தில்... சமையலறை! கீரை நறுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். கையில் கத்தி.

நான் ஒரு படி பின்வாங்கினேன். சரோஜாதான், "வேன்... வேன்..." என்று மேலே கை காட்டினாள். அந்தப் பெண் சிரித்தார். அதே கத்தியால் மாடியைக் காட்டி, "ஊப்பர், ஊப்பர்" என்றார். பிறகு கத்தியை வைத்துவிட்டு, சரோஜாவின் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார். மாடிக் கதவைத் திறந்தால் சாலை. எதிரே எங்கள் வேன்!

என்ன ஊர்! என்ன மனசு!

வேன் நகர்ந்ததும் சரோஜா கேட்டாள்: "நம்ம வூட்ல எவனாவது இப்பிடிப் பூந்தா இன்னா பண்ணுவீங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அதான் போர்டு மாட்டி வெச்சுகினு கீறீங்களே!"

மழையில் தெருவில் தண்ணீர் நின்றால், தெருக்காரர்கள் எங்கள் முன் கேட்டில் நுழைந்து பின் கேட் வழியாக மெயின் ரோட்டுக்குப் போவார்கள். அவர்களுக்காக நான் மாட்டிய போர்டு அது — 'இது பொதுவழி அல்ல'.

ஊர் திரும்பியதும் கழற்றிவிட்டேன். நேற்று நல்ல மழை.

"இன்னா சார், போர்டக் காணோம்?" என்றார் எதிர்வீட்டுக்காரர், பேன்ட்டை மடித்துக்கொண்டு.

"காத்துல பறந்துடுச்சு" என்றேன்.

மாலைக்குள் பதினாறு பேர் போனார்கள். எண்ணினேன்தான்... தடுக்கவில்லையே!