அவரிடம் மிஞ்சிய சொல்

என் கணவர் ரயில்வேயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நிறையப் பேசுவார். யாராவது "எந்த போகியில் டிக்கெட்?" என்று கேட்டுவிட்டால் போதும். நாம் ஏறி உட்காருவது பெட்டி, அதைத் தாங்கிக்கொண்டு அடியில் ஓடுகிற சக்கரங்களும் சட்டமும் ஸ்பிரிங்கும் சேர்ந்ததுதான் போகி என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாண வீடுகளில் இதற்குப் பயந்தே சிலர் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார மாட்டார்கள். எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கும்.

ஒரு கார்த்திகை மாதக் காலையில், ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வலப்பக்கம் சரிந்தார். மூளையின் இடது பாதியில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று.

ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றிய அன்று, நான் ஈரத்துணியால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உதடு கோணி, மிகுந்த பிரயாசையுடன், "போகி" என்றார்.

"அப்பா பேசறா, கேட்டியாம்மா" என்று பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் அழுதாள். ஒன்று வந்துவிட்டது, மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்று நினைத்தோம். ஆனால் வேறு எதுவும் வரவில்லை. தண்ணீர் கொடுத்தாலும் போகி, ஊசி குத்தினாலும் போகி.

ஆளாளுக்கு அதற்கு அர்த்தம் சொன்னார்கள். ஒரு அடி கூடுதலாகிவிட்டால் கோல்ஃபில் அப்படித்தான் சொல்வார்கள் என்று பெரிய டாக்டர் சிரித்தார். எங்களைத் தேற்றத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தைகளைப் பயமுறுத்துகிற பூச்சாண்டிக்கும் இங்கிலீஷில் அந்தப் பெயர் உண்டு, அப்பா எதையோ பார்த்துப் பயப்படுகிறாரோ என்று மகள் கவலைப்பட்டாள். வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, மார்கழி முடிகிற சமயத்தில் எதிர்வீட்டு மாமி வந்து, மனுஷர் போகிப் பண்டிகையைத்தான் நினைவுபடுத்துகிறார் என்று தீர்மானமாகச் சொன்னாள். அதை நம்பிப் போளி தட்டினேன். பாலில் ஊறவைத்து மசித்து ஒரு ஸ்பூன் கொடுத்ததும் புரையேறி, முகம் நீலம் பாரித்துவிட்டது. அதற்குப் பிறகு கஞ்சியைத் தவிர எதையும் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அவரைப் பார்த்துக்கொள்ள விழிஞ்ஞத்துப் பக்கத்திலிருந்து ஒரு மலையாளப் பெண்ணை வைத்திருந்தோம். அவள்தான், "ட்ரெயின் காணணம்ன்னா சார் பறயுன்னது, அம்மே" என்றாள். ரயிலைப் பார்க்கத்தான் கேட்கிறார் என்பது எங்களுக்கு நியாயமாகப் பட்டது. மகள் அடுத்த முறை வந்தபோது வண்டி பிடித்து, சக்கர நாற்காலியோடு அவரைத் தம்பானூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

பிளாட்பாரத்தில் ஒரு வண்டி நின்றிருந்தது. முதலில் அமைதியாகத்தான் பார்த்தார். பிறகு என் புடவையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போகி, போகி" என்று கத்த ஆரம்பித்தார். அடியில் இருக்கும் சக்கரங்களைக் காட்டுகிறார் என்று நினைத்து நாற்காலியை இன்னும் கிட்டே தள்ளினேன். மகள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் என் கையை அடித்தார். அடுத்த நிமிஷம் நாற்காலிக்குக் கீழே ஈரம் சொட்டியது. அவர் அத்தனை நேரம் கேட்டது பாத்ரூம் போகத்தான். சுற்றி நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை திறக்கவில்லை.

அந்த வாரம் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவள், "அந்த வாக்கினு இப்போ அர்த்தம் ஒண்ணும் இல்லா, அம்மா. நாக்கில் வருன்னது அது மாத்ரம்" என்றாள். அவர் மனதில் நினைப்பது வேறாக இருக்கும், வாயில் வருவது இதுவாகவே இருக்கும். வார்த்தையை விட்டுவிட்டுக் குரலையும் கண்ணையும் பாருங்கள் என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இத்தனை மாதம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எங்களுடன் இருக்கிறார் என்று நம்பியிருந்தேன்.

ஆனாலும் அவள் சொன்னபடி செய்து பார்த்தேன். குரல் இழுத்தால் வலி. வெட்டி வெட்டிச் சொன்னால் பாத்ரூம். மெல்லக் கேள்வி மாதிரி வந்தால் மகள் போன் பண்ணினாளா என்று அர்த்தம். பாதிக்குப் பாதி தப்பாகத்தான் புரிந்துகொண்டேன்.

ஒரு நாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். எனக்கு முதுகு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. "என்னால முடியலை. நானும் மனுஷிதானே? உங்களுக்கு மட்டுந்தான் கஷ்டமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதிலுக்குக் கத்தினார். அந்த ஒரு சொல்லே ஏறி, இறங்கி, நக்கலாகி, என் அம்மா வீட்டைக் குத்திக்காட்டுகிற பழைய தொனிக்கும் வந்தது. நானும் விடவில்லை. விழிஞ்ஞத்துப் பெண் வாசற்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவர் அழுதார். தரையில் கிடந்த கஞ்சியைத் துடைத்துவிட்டு வேறு கிண்ணத்தில் கொண்டுவந்தேன். சாப்பிட்டார்.

வைகாசியில் மறுபடியும் மூளையில் ரத்தம் உறைந்தது. இந்த முறை அந்தச் சொல்லும் போய்விட்டது. மூக்கில் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பேசினால் கண் என் பக்கம் திரும்பும்; சில நாள் அதுவும் இல்லை. மழை விடாமல் பெய்த ஆடி மாதத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்தார்.

காரியங்கள் முடிந்து மகள் ஊருக்குப் போனாள். விழிஞ்ஞத்துப் பெண்ணுக்கு வேறு வீடு கிடைத்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். எனக்கு அழுகை வரவில்லை. அன்று மத்தியானம் படுத்தவள் விளக்கு வைக்கும் நேரம்வரை தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை.