தைராய்டு பார்த்த ஓவர்டைம்

என் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனபோது மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டாளோ இல்லையோ, தோசைக்கரண்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். அதற்குக் காரணம் நான்தான். என்னைக் கேட்டால் என் கழுத்து என்பேன்.

ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். வேலையைச் சுலபமாக்க யோசனை எழுதிப் பெட்டியில் போடுவதற்கு எங்கள் பக்கம் கைசன் என்று பெயர். நல்ல யோசனைக்கு ஹாட்பாக்ஸ் பரிசு. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் போட்டது ஒன்றே ஒன்று, கேன்டீன் சாம்பாரில் காய் போடலாம் என்பது. இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

திடீரென்று எனக்கு யோசனை கொட்டத் தொடங்கியது. கம்பெனி பஸ்ஸில் கொட்டியது, குளிக்கும்போது கொட்டியது. தூக்கம் குறைந்தது. மலைமலையாகத் தின்றும் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. மார்கழியிலும் வியர்த்தது. லைனில் ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தால் வேலை செய்யும் பையன்கள் மேல் பாய்ந்து பிடுங்கினேன். "அண்ணே முழிச்சாலே ஓடி ஒளியத் தோணுது" என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். மானேஜருக்கோ, தேடிப்போன மூலிகை காலில் சிக்கிய மாதிரி நான். சிறந்த ஊழியர் என்று என் படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். வீட்டில் ஹாட்பாக்ஸ் வைக்க இடமில்லை.

கம்பெனி போதாதென்று வீட்டையும் திருத்தக் கிளம்பினேன். எங்கள் லைனில் ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றின் உருவத்தையும் பலகையில் வரைந்து, அதன் மேலேயே மாட்டி வைப்போம். ஒன்று தொலைந்தால் காலி உருவம் காட்டிக்கொடுத்துவிடும். சமையலறைச் சுவரில் கரண்டிகளுக்கு அதே மாதிரி வரைந்தேன். தரையில் மஞ்சள் பெயின்டில் கட்டம் போட்டேன். அரிசி டிரம்முக்கு ஒன்று, மாமியார் வந்தால் நாற்காலிக்கு ஒன்று. பிறகு ஸ்டாப்வாட்சோடு அடுப்படியில் நின்றேன்.

"இன்னாயா, நான் இன்னா உன் லைன்ல வேல செய்யிற பொண்ணா?" என்றாள் அவள். அவள் இந்தப் பக்கத்துக்காரி, நான் விருதுநகர்ப் பக்கம்.

"தோசையத் திருப்பிப் போடத்தான் நேரமாகுது. கரண்டி அதோட எடத்துல இருந்தா கை தேட வேணாம்ல."

ஒருநாள் காலை தோசைக்கரண்டியை அவள் வேறு உருவத்தில் மாட்டிவிட்டாள். நான் போட்ட கூச்சலில் அடுத்த போர்ஷன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்தி முடித்ததும் தரையில் உட்கார்ந்து அழுதேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. என்னை யாரோ ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது, பிரேக் எங்கே என்று தெரியவில்லை. உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

அவள் தண்ணீர் கொடுத்தாள். நான் குடிப்பதையே பார்த்தாள்.

"முழுங்கசொல்ல உன் கழுத்துல இன்னாவோ வீங்கினு மேல கீழ போவுது. தைராய்டா கீதோ இன்னாவோ. டெஸ்ட் எடு."

"அது பொம்பளைகளுக்கு வர்றது. குண்டாக்கும். நான் எளைச்சுல்ல போயிருக்கேன்."

"டெஸ்ட் எடுத்து மனுசனா ஆனப்புறம் கூப்புடு. அதுவரிக்கும் நான் வர்ல." சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் கரண்டியோடு ஏறிவிட்டாள்.

மறுநாள் சுவரைப் பார்த்தேன். மற்ற எல்லாக் கரண்டியும் இருந்தது, தோசைக்கரண்டியின் உருவம் மட்டும் காலி. எது இல்லை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்றுதான் வரைந்தேன். தெரிந்தது. அன்றைக்கே ஸ்ரீபெரும்புதூருக்கு டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா என் கைகளை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காற்றே இல்லாத அறையில் காகிதம் படபடத்தது. பழைய படம் கேட்டார். நோட்டீஸ் போர்டு படத்தைப் போனில் காட்டினேன்.

"இப்படிப் பிதுங்கி நிக்குற கண்ணப் பாத்து யாருக்குமே ஒண்ணும் தோணலையா?"

"உழைப்பாளின்னு தோணிருக்கு மேடம்."

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் விளக்கினார். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவலே ஆள் மாறிப்போய்த் தைராய்டைத் தட்டி எழுப்பி ஓவர்டைம் பார்க்க வைக்கிறதாம். "அது ஓடுனா மூளையும் சேந்து ஓடும். கோவம், அழுகை, பயம், இந்த யோசனை எல்லாம் அதோட வேலைதான். உங்களுக்குப் பைத்தியம் இல்ல." கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

மாத்திரை மெதுவாகத்தான் பிடித்தது. இதயம் அடங்கியது, தூக்கம் வந்தது, யோசனை வற்றியது. மானேஜர் தனியாகக் கூப்பிட்டார். "முன்ன மாதிரி இல்லையே நீங்க. வீட்ல எதுவும் பிரச்சினையா?"

"தீந்துருச்சு சார்," என்றேன். பாவம், அவர் முகம் வாடிவிட்டது.

அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். நேராகச் சமையலறைக்குப் போய், பையிலிருந்த தோசைக்கரண்டியை எடுத்து, குழம்புக் கரண்டியைக் கழற்றிவிட்டு அதன் உருவத்தில் மாட்டினாள். அதுவும் கோணலாக. பிறகு திரும்பி என் முகத்தையே பார்த்தாள்.

நான் சுவரைப் பார்த்தேன். மனசு எங்கேயும் ஓடவில்லை.

"இன்னா, ஒண்ணும் சொல்லல?"

"பசிக்குது."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். கோணலாகத் தொங்கிய கரண்டியை எடுத்துத் தோசையைத் திருப்பினாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் தோசையைப் பார்க்காமல் ஓரக்கண்ணால் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாளும் அவள் என்னிடம் கோபமாக இல்லை, எனக்கு என்ன ஆகுமோ என்று பயந்துபோய் இருந்திருக்கிறாள்.