எப்பவுமே அப்படித்தான்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ரெக்கார்டு ரூம் வாசலில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண்மணி பதினோரு நிமிடம் நின்றாள். யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. வலது கால் நிலைக்கு ஒரு சாண் முன்னால் தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். தூக்கு என்று மூளை சொல்கிறது, கால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபைல் எடுக்க வந்த நர்ஸ் ஒருத்தி "கொஞ்சம் வழி விடுங்கக்கா" என்று அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள், ஃபைலோடு மறுபடி சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டுகிற அம்மா அவள் காலைத் தொடாமல் சுற்றிலும் சுத்தமாகக் கூட்டிவிட்டுப் போனாள். ஒரு தூணுக்கு என்ன மரியாதை உண்டோ அது குறைவில்லாமல் கிடைத்தது.

பதினோரு நிமிடம் என்று எப்படித் தெரியும் என்றால், எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. நிற்கிறவளுக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது?

அவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ரெக்கார்டு அக்கா எப்பவுமே அப்படித்தான், அதனால் யாரும் பதறவில்லை. இந்த ஒரு வாக்கியம் அவளுக்குச் செய்த கேடு கொஞ்சநஞ்சமல்ல.

முப்பத்தைந்து வருடமாக அந்த அறை அவள் ராஜ்யம். வயது ஐம்பத்தொன்பது. நோயாளியின் நம்பரைச் சொன்னால் எந்த அலமாரி, எத்தனையாவது தட்டு என்று நிமிராமலே சொல்வாள். நிமிர்ந்து சொல்லச் சொன்னால்தான் சிரமம். நுனிக்காலில் நடப்பாள், முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்வாள், போன் அடித்தால் முதலில் காதைப் பொத்திக்கொண்டு அப்புறம்தான் எடுப்பாள். "எப்படி இருக்கீங்க?" என்று போகிற போக்கில் யாராவது கேட்டுவிட்டால் உண்மையிலேயே யோசிப்பாள். பதில் தயாராவதற்குள் கேட்டவர் லிஃப்டில் ஏறி மூன்றாம் மாடி போயிருப்பார். சந்தோஷமோ துக்கமோ முகம் ஒரே முகம்தான். வீட்டில் சின்ன வயதிலேயே கல்லுளிமங்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை அடையாள அட்டையைத் தவிர யாரும் உபயோகித்ததில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் மனநலப் பிரிவு டாக்டர் ஒருவர் தொலைந்த ஃபைலைத் தேடிக்கொண்டு கீழே வந்தார். ஃபைல் இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. அது ஏன் தொலைந்தது என்று அக்கா நாற்பது நிமிடம் விளக்கினாள். பாவம், டாக்டர் நின்று கேட்டார். கேட்டு முடித்து, "உங்களை ஒரு தடவை முறையா பார்க்கட்டுமா?" என்றார். மூன்று முறை உட்காரவைத்துப் பேசிய பிறகு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். அக்கா அன்று வீட்டுக்குப் போய் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள், தனியாக உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்கச் சிரித்தாள். ஐம்பத்து மூன்று வருடம் வாங்கின திட்டெல்லாம் முகவரி தப்பி வந்தது என்று தெரிந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? தன்னைத் தானே திட்டிக்கொள்வதை அன்றோடு நிறுத்தினாள். அந்த வகையில் அது நல்ல தாள்.

ஆனால் அந்தத் தாள் மற்றவர்களுக்கு ஒரு வசதியான டிராயர் ஆகிவிட்டது. அவளுக்கு எது நடந்தாலும் அதற்குள் போட்டு மூடிவிடலாம். இடது கைக்குச் சட்டைப் பித்தான் பிடிபடவில்லையா, ஆட்டிசம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரல் தன் பாட்டுக்கு உருட்டுகிறதா, அதுவும் ஆட்டிசம். திரும்பும்போது தடுமாறிக் கீழே விழுந்து கன்னத்தில் காயமா, கவனமில்லை, ஆட்டிசம். அவள் தலையில் பல்லி விழுந்திருந்தாலும் அதே டிராயர்தான்.

அக்காவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வெறும் தரையில் கால் ஒட்டிக்கொள்கிறது, தாண்டுவதற்கு ஒரு கோடு இருந்தால் தூக்குகிறது. ஏன் என்று தெரியாது, ஆனால் தூக்குகிறது. எலக்ட்ரிகல் ஆட்களிடம் மஞ்சள் டேப் ஒரு சுருள் கேட்டு வாங்கி, வீட்டில் ஒவ்வொரு வாசலுக்கு முன்னாலும் ஓரடி இடைவெளியில் மூன்று கோடு ஒட்டினாள். வீடு விமான ஓடுதளம் மாதிரி ஆயிற்று. ஆனால் அவளால் அதில் நடக்க முடிந்தது.

இங்கேதான் தம்பி வருகிறான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்சை விட்டு வண்டியைக் கிளப்பச் சொல்லிக்கொடுத்தவன். சொந்த அக்கா ஏன் கிளம்பாமல் நிற்கிறாள் என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. பாசக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் அக்கா வேலைக்குப் போயிருந்தபோது தன்னிடமிருந்த சாவியால் வீட்டைத் திறந்தான், தரையைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான், உட்கார்ந்து அத்தனை டேப்பையும் சுரண்டி எடுத்தான். பிசுக்கு போக மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, ஃபினாயில் ஊற்றிக் கழுவி, பளபளவென்று ஆக்கிவிட்டுப் போனான். அக்கா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான்.

அன்று சாயங்காலம் அக்கா குளியலறைக்குள் போனவள் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. வர முடியவில்லை. போன் கூடத்தில் கிடந்தது. கடைசியில் துண்டை நீளவாக்கில் மடித்து வாசலில் போட்டு, அதைத் தாண்டி வந்தாள். இதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மறுநாள் தம்பி போனில் "வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டான். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"அப்ப இனிமே நீ தனியா இருக்க வேண்டாம். எங்க வீட்டுக்கு வந்துடு" என்றான் தம்பி. வீட்டு ஓனரிடம் மாசக் கடைசியில் காலி செய்வதாகவும் சொல்லிவிட்டான். அக்காவிடம் கேட்கவில்லை.

தம்பி வீட்டில் டிவி காலை ஆறு மணிக்கு வாயைத் திறந்தால் ராத்திரி பத்துக்குத்தான் மூடும். தம்பி பெண்டாட்டி அதற்கும் மேலே, தூக்கத்திலும் பேசுவாள் என்று தம்பியே சொல்லியிருக்கிறான். நல்லவள். சிக்கலே அதுதான், ஒருத்தரைத் தனியாக ஒரு நிமிடம் விடமாட்டாள். அக்காவுக்கு இருந்தது இரண்டு அறை, ஒரு ஜன்னல், வேலை முடிந்து வந்தால் யாரும் பேசாத மூன்று மணி நேரம். அதுவும் போய்விட்டால் தான் ஒரே மாதத்தில் உடைந்துபோவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. பயந்துபோனாள். முகத்தில் தெரியவில்லை, ஆனால் நன்றாகப் பயந்துபோனாள்.

காலி செய்வதற்கு முன் அதே ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று தம்பி அழைத்துப் போனான். அந்தப் பெரிய டாக்டர் நோயாளியைப் பார்க்காமல் பரிசோதிக்கும் கலையில் தேர்ந்தவர். கேள்வியெல்லாம் தம்பியிடம்.

"முகத்துல உணர்ச்சி கம்மியா?"

"எப்பவுமே அப்படித்தான் டாக்டர்."

"நடக்கும்போது கை வீசுறதில்லையா?"

"சின்ன வயசுலேர்ந்தே."

"பேச்சு மெதுவா? எழுத்து சின்னதா?"

"எல்லாமே எப்பவும் அப்படித்தான் டாக்டர். பிடிவாதம். நின்னா வேணும்னே நிப்பா."

டாக்டர் எல்லாக் கட்டத்திலும் 'எப்போதும்' என்று எழுதி, ஆட்டிசம், வயதால் அதிகமாகியிருக்கிறது, துணையோடு இருப்பது நல்லது என்று முடித்தார். அக்கா வாயைத் திறந்தபோது அடுத்த நோயாளி நாற்காலியில் பாதி உட்கார்ந்தாயிற்று.

அந்தத் தாளும் வழக்கப்படி ரெக்கார்டு ரூமுக்குத்தான் வந்தது. அக்கா தன் ஃபைலில் அதைச் சேர்க்கும்போது படித்தாள். நாலு இடத்தில் 'எப்போதும்'. அவளுக்குக் கோபம் வந்தது. தப்பான ஃபைலில் தப்பான தாள் இருந்தால் வருகிற அதே கோபம், இந்தத் தடவை நெஞ்சு வரைக்கும் வந்தது. நேராக இரண்டாம் மாடிக்குப் போய் நரம்பு டாக்டரம்மாவின் வரிசையில் டோக்கன் போட்டு உட்கார்ந்தாள். தம்பிக்குச் சொல்லவில்லை.

டாக்டரம்மா சின்ன வயது, அவசரக்காரி. ஆனால் நடக்கவிட்டுப் பார்த்தாள், விரலைத் தட்டச் சொன்னாள், மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள், தூக்க மாத்திரை, மனநல மாத்திரை ஏதாவது சாப்பிட்டதுண்டா என்று கேட்டாள். எதுவும் இல்லை.

"எப்ப ஆரம்பிச்சுதும்மா?"

"தெரியாது."

"சுமாரா சொல்லுங்க."

"சுமாரா எனக்கு சொல்ல வராது."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டு ஒரு தாளை நீட்டி எழுதச் சொன்னாள். அக்கா எழுதினாள். முதல் வார்த்தை ஒழுங்காக இருந்தது, வரிக் கடைசியில் எழுத்து எறும்பாகிவிட்டது. "உங்க எழுத்து எப்பவுமே சின்னதுதான்னு நோட்ல இருக்கே?"

"யார் சொன்னது?"

"உங்க தம்பி சொன்னதா எழுதியிருக்கு."

"அவன் என் எழுத்தைக் கடைசியா பார்த்தது ஆறாம் கிளாஸ்ல. அவன் வீட்டுப்பாடத்தை நான் எழுதிக் குடுத்தப்ப" என்றாள் அக்கா. "என் எழுத்து கீழ இருக்கு. வந்து பாருங்க."

வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள். டாக்டரம்மா போயிருக்க வேண்டாம். ஆனால் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

ரெக்கார்டு ரூமில் மாதத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு வெள்ளைச் சீட்டு, அதில் கறுப்பு மார்க்கரால் மாதம், வருடம், எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் வரை. அந்தச் சீட்டை வேறு யாரையும் அவள் எழுதவிட்டதில்லை. நானூறு சீட்டுக்கு மேல் இருந்தன, எல்லாம் ஒரே கை. அக்கா முதல் அலமாரியைக் காட்டினாள். எழுத்தெல்லாம் கட்டைவிரல் அகலம், அறையின் மறுகோடியிலிருந்து படிக்கலாம். டாக்டரம்மா செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வருடம் வருடமாக நடந்தாள். இருபது வருடம் எழுத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. இருபத்தைந்து வருடம் ஒன்றும் இல்லை. எட்டாவது அலமாரி நடுவில் நின்று, இரண்டு பெட்டி பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு சீட்டிலும் எழுத்து துளித்துளியாகக் குறைந்துகொண்டே போயிற்று. கடைசி அலமாரியில் சீட்டு பாதி காலி. குனிந்தால்தான் தெரியும்.

"நாலரை வருஷம்" என்றாள் டாக்டரம்மா. சாப்பாட்டு டப்பாவை ஒரு பெட்டிமேல் வைத்தாள். அக்கா அதை எடுத்துக் கீழே வைத்தாள். "இது ஆட்டிசம் இல்லம்மா. அது உங்களுக்குப் பிறந்ததுலேர்ந்து இருக்கு, அது எழுத்தைச் சுருக்காது. பார்க்கின்சன் மாதிரி தெரியுது. மருந்து குடுத்துப் பார்ப்போம், மருந்துக்குக் கேட்டா அதுதான்." கொஞ்சம் தயங்கி, "உங்களை மாதிரி இருக்கிறவங்களுக்கு வயசானா கைகால் எப்படி ஆகும்னு எங்க படிப்புல ஒரு பக்கம்கூட சொல்லித்தரலை" என்றாள். ஒரு டாக்டர் தெரியாது என்று சொல்லி அக்கா கேட்டது அதுதான் முதல் தடவை.

மாயமந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. முதல் வாரம் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் காலை சட்டைப் பித்தான் ஐந்தையும் போட்டு முடித்துவிட்டு மணி பார்த்தாள், முன்னால் ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. வாசல்களில் கால் இன்னும் சில சமயம் முரண்டு பிடித்தது, ஆனால் பேச்சுக்கு மசிந்தது. டேப்பை மறுபடி ஒட்டிக்கொண்டாள்.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தம்பி ஒரு சரக்கு வண்டியோடும் பெண்டாட்டியோடும் வந்தான். வீட்டில் ஒரு கரண்டிகூடக் கட்டிவைக்கப்படவில்லை.

"நான் வரலை" என்றாள் அக்கா. "ஓனர்கிட்ட நானே பேசிட்டேன்." டாக்டரம்மா எழுதிய தாளை நீட்டினாள்.

தம்பி நின்றபடி படித்தான், அப்புறம் உட்கார்ந்து படித்தான். அவன் முகம் எல்லாவற்றையும் காட்டுகிற முகம். அது கோணிக்கொண்டு போயிற்று.

"நாலரை வருஷமாவா?" என்றான். "அக்கா, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன். மூணு தடவை. கால் நகரலைன்னு சொன்னேன், கை நடுங்குதுன்னு சொன்னேன், பயமா இருக்குன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீ என் முகத்தைப் பார்த்துட்டு, ஒண்ணும் தெரியலையேன்னு சொன்னே."

தம்பி கையிலிருந்த தாளை மடித்தான், மறுபடி பிரித்தான்.

"நான் முகத்தால சொல்லலைடா. வாயால சொன்னேன்."

தம்பி பெண்டாட்டி கதவோரமாக நின்றிருந்தாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது. "அண்ணி சொன்னாங்க. நானும் கேட்டேன்" என்றாள் மெதுவாக. "நம்ம வீட்டுக் கூடத்துலதான் சொன்னாங்க. நீங்க மேட்ச் பார்த்துக்கிட்டிருந்தீங்க. நான் பேசிக்கிட்டே இருந்தேன்."

கீழே வண்டிக்காரர் சாமான் எங்கே என்று ஹார்ன் அடித்தார். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். தம்பி எழுந்து ஜன்னலுக்குப் போய் வண்டியைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னான். திரும்பி வந்து அக்காவின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தான், அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இப்ப எப்படி இருக்கே?" என்று கேட்டான்.

அக்கா யோசித்தாள். தம்பி எழுந்து போகவில்லை.