வந்தும் படிக்காத செய்தி

போன ஞாயிறு சிலமலையில் ஒரு காதுகுத்து. பந்தியில் அண்ணனுக்குப் பக்கத்து இலை எனக்கு. அவர் சாம்பாரைப் பார்க்கவில்லை, ரசத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாப்ளே, சோத்துக்கு முன்னாடியும் போனுதானா?” என்றார் எதிர் வரிசையில் இருந்த மாமா.

“ஸ்டோரைப் பாக்குறேன் மாமா. நம்ம பாப்பா எழுதுன புரோகிராமு. குரங்கணி அடுப்புச் சூடு இங்கன தெரியும்.”

பாப்பா என்பது நான்தான். போடியில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவள் என்பது, வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த ஏலக்காயை விறகு அடுப்புச் சூட்டில் காயவைக்கும் கட்டடம். சூடு மிஞ்சினால் காய் வெடித்து வெளுத்துவிடும். நிறம் போன காயை யார் சீந்துவார்கள்? மலைமேல் குரங்கணியில் இருக்கும் அண்ணன் தோட்டத்தில் அந்தத் தடவை பறித்த காய் மொத்தமும் அன்று உள்ளேதான் இருந்தது.

அதற்காகத்தான் ஸ்டோருக்குள் ஒரு கருவி. அது சூட்டை அளந்து நெட் வழியாக அனுப்பும். வீட்டில் எல்லார் போனிலும் தெரியும்.

எனக்கும் பெருமைதான். ஆனால் பாயசம் வந்தபோது மனசுக்குள் ஏதோ உறுத்தியது. இலை போட்டபோது பார்த்த அதே எண்... இப்போதும் அதேதான். விறகு அடுப்பின் சூடு இப்படி ஆடாமல் அசையாமல் நிற்குமா?

“மதினிக்கு ஒரு போன் போடுண்ணே.”

“எதுக்கு? எல்லாம் சரியாத்தான காட்டுது. நெட்டும் இருக்கு.”

“போடு.”

மதினி மேலே தோட்டத்தில் இருந்தார். திரும்பத் திரும்ப அடித்த பிறகுதான் எடுத்தார். போனை நான் வாங்கிக்கொண்டேன்.

“மதினி, வெரசா ஸ்டோருக்குள்ள போய்ப் பாருங்க.”

“என் போன்லயும் நல்லாத்தான காட்டுது பாப்பா...” பேசிக்கொண்டே நடந்தார். கதவு திறக்கும் சத்தம். “ஆத்தாடி, அனலா அடிக்குது.”

“விறகை வெளிய இழுங்க. கதவு சன்னலெல்லாம் தெறந்து விடுங்க.”

லைன் அறுந்தது. அண்ணன் கைகூடக் கழுவாமல் ஜீப்புக்கு ஓடினார். நான் மண்டபத்து மூலையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். என்ன நடந்திருந்தது தெரியுமா?

கருவி அனுப்புவது, வழியில் யாரும் பார்க்க முடியாதபடி பூட்டப்பட்டு வரும். இங்கே என் புரோகிராம் பூட்டைத் திறந்து படிக்க வேண்டும். போடியில் சோதித்தபோது அளவுகள் ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றாகப் படித்தேன். மலை அப்படியா? மேகம் இறங்கினால் சிக்னல் போய்விடும். திரும்ப வரும்போது, சேர்ந்து கிடந்த அளவுகள் ஒரே கட்டாக வரும். என் புரோகிராம் கட்டைத் திறந்தது, முதல் அளவை மட்டும் படித்தது. உடனே வாசலுக்குப் போய், புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று நெட்டைக் கேட்டது. ‘இல்லை’ என்றது நெட். உண்மைதானே? வந்ததெல்லாம் ஏற்கெனவே உள்ளே, பஃபர் என்கிற தற்காலிகக் கிடங்கில், பூட்டு திறந்து கிடக்கிறது! சூடு ஏறுகிற ஒவ்வொரு அளவும், கடைசியாக அபாயச் செய்தியும்... படிக்க ஆளில்லாமல்.

வாசலுக்குப் போகும் முன் பஃபரில் மிச்சம் இருக்கிறதா என்று பார் — இவ்வளவுதான் திருத்தம். ஒரே ஒரு வரி. அதை எழுதிச் சேர்த்தேன். காய் தப்பித்ததா இல்லையா என்று அப்போது எனக்குத் தெரியாது.

மனிதர்கள் மட்டும் என்னவாம்? யாராவது புதிதாக ஏதாவது சொல்வார்களா என்று வாசலையே பார்க்கிறோம். வீட்டுக்குள் சொன்னது காதுக்குள் வந்து அப்படியே கிடக்கிறது. அன்று காலை தோட்டத்திலிருந்து கிளம்பி அண்ணன் ஜீப்பில் ஏறும்போதே மதினி, “அடுப்புப் பக்கம் ஒரு ஆளை விட்டுட்டுப் போங்க” என்று சொன்னாராம். அண்ணனும் தலையாட்டினாராம், அதோடு சரி.

சாயங்காலம் மதினியே கூப்பிட்டார். குரலைக் கேட்டதுமே எனக்கு மூச்சு வந்தது.

“காய் பச்சை மாறாம இருக்கு பாப்பா. உங்கண்ணன் மொகந்தான் வெளுத்துப் போச்சு.”