கங்காணி கட்டிய வாய்க்கூடை

இலங்கையில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ரெங்கம்மா என்றொருத்தி கொழுந்து பறித்தாள். வாயாடி என்று லயத்து வரிசை வீடுகள் எல்லாமே அவளைத் திட்டும். எனக்கோ அந்த லயத்தில் அவளைத் தவிர ஒருவரையும் பிடிக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு வாக்கில் அவளுடைய ஒன்பது வயது மகள் பெரியாயி வெளுத்துப்போனாள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். சோற்றைத் தொடமாட்டாள், சுவரைச் சுரண்டி மண்ணைத் தின்பாள்.

மண் தின்பதால்தான் சோகை என்று எல்லோரும் தீர்ப்புச் சொன்னார்கள். ஆட்களை வேலைவாங்கும் கங்காணி வீரய்யா அதற்கும் மேலே போனான். கன்றுக்குட்டி மண் தின்னாமலிருக்கக் கட்டும் வாய்க்கூடையைச் சின்னதாக மூங்கிலில் பின்னி, பிள்ளையின் வாயில் கட்டினான்.

"கன்னுக்குட்டிக்குக் கேக்குறது இவளுக்குக் கேக்காதா?" என்று சிரித்தான். லயமும் சேர்ந்து சிரித்தது. வெட்கங்கெட்ட கூட்டம்! ரெங்கம்மாவும் அப்போது அவனை நம்பித்தான் தொலைத்தாள். கூடையோடு திரிந்த பிள்ளை இன்னும் வெளுத்தாள், முகம் வீங்கியது.

பிறகு பதுளையிலிருந்து பூச்சி மருந்து கொடுக்க ஒரு கம்பவுண்டர் வந்தார்.

"வயித்துல இருக்குற கொக்கிப்புழு ரத்தத்த உறிஞ்சுதும்மா. ரத்தம் கொறஞ்சதாலதான் வாய் மண்ணு கேக்குது. மருந்து குடிச்சா பேதியாகும், மயக்கம் வரும். பக்கத்துலயே இருந்து பாத்துக்கங்க. இதுக்கு மேல விட்டா புள்ள தங்காது" என்றார்.

வீரய்யா குறுக்கே வந்தான். "கொழுந்து முத்திக் கெடக்கு. காலையில பேர் குடுக்குற பெரட்டுக்கு வரலேன்னா இந்த வாரம் ஒனக்குத் தோட்டத்துல அளக்குற அரிசி இல்ல."

"நீங்களே வச்சுப் பொங்கித் தின்னுங்க" என்று ரெங்கம்மா பிள்ளையோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள். சொன்னபடியே அரிசியை நிறுத்தினான், பாவி.

மருந்து வேலை செய்தது. சில நாளில் பெரியாயி எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பசிக்குது. சோறு குடு" என்றாள். அந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்த தாயின் வீட்டில் அன்று ஒரு பிடி அரிசி இல்லை. கங்காணிக்குப் பயந்து பக்கத்து வீடுகளும் கையை விரித்தன.

ரெங்கம்மா நேரே வீரய்யா வீட்டுக்குள் போனாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சோற்றுப்பானையை முந்தானையால் பிடித்துத் தூக்கினாள்.

"ஏய், அது என் சோறுடி!"

"தெரியுதுங்க. ஒரு வேள பட்டினி கெடங்க. எம்புள்ள தின்னதும் பானையக் கழுவிக் கொண்டாந்து தர்றேன்."